மாமரத்த விட்டு வரவே மாட்டேன்னு நின்ன கூன்ஹவுண்டும் ஷோங்வேனி சனிக்கிழமை க்ளாஸும் - 8 வாரம் போயிட்டு வந்து எழுதுறேன்

டர்பன் பக்கம் நாய் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க, அதுவும் மோப்பத்துக்குன்னே பொறந்த ஹவுண்ட் வகை வச்சிருக்கிறவங்க, கொஞ்சம் நீளமா இருந்தாலும் இத முழுசா படிங்க. ஷோங்வேனில ஒரு பெரியவர் சனிக்கிழமை காலைல நடத்துற ட்ரெய்னிங் க்ளாஸுக்கு ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் போனோம். 8 க்ளாஸுக்கு 2,400 ரேண்ட், வீட்டுக்கு ஒரு தடவ வந்து பாத்ததுக்கு தனியா 600. பேரும் நம்பரும் போடவேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, இப்பவே ஒரு பேட்ச்ல 8 நாய்க்கு மேல அவரால பாக்க முடியலயாம். சம்மர்வெல்ட் பக்கம் குதிரை லாயத்துல யார்ட்ட கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க, நானும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன். அங்க எல்லாரும் அவர பாபான்னுதான் கூப்பிடுவாங்க, ஸூலு மொழில அப்பான்னு அர்த்தம், வயசுல பெரியவங்கள இங்க அப்படித்தான் மரியாதையா கூப்பிடுறது.

முதல்ல எங்க வீட்டு நாயப் பத்தி சொல்லணும், இல்லன்னா எதுக்கு அவ்ளோ தூரம் போனோம்னு புரியாது. கருப்பனுக்கு மூணு வயசு. ஹாரிஸ்மித் பக்கம் ஒரு பண்ணைக்காரர், ஆட்டுக்குட்டிகள நரியும் காரகல்ங்கிற பெரிய காட்டுப்பூனையும் தூக்கிட்டுப் போகுதுன்னு ஹவுண்ட் கூட்டமே வச்சிருந்தாரு, பண்ணைய வித்துட்டு டவுனுக்கு போறப்ப ஒவ்வொண்ணா ஆள் பாத்து கொடுத்தாரு. அதுல ஒண்ணு எங்களுக்கு வந்துச்சு. ப்ளாக் அண்ட் டேன் கூன்ஹவுண்ட் கலப்பு, உடம்பு பூரா கருப்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செம்பழுப்பு பொட்டு, காது ரெண்டும் வெத்தல மாதிரி தொங்கும். என் பொண்ணு பாத்த உடனே கருப்பன்னு பேரு வச்சுட்டா.

கூன்ஹவுண்டுன்னா அமெரிக்காவுல ரக்கூன்ங்கிற மரமேறுற விலங்க துரத்துறதுக்காக வளத்தெடுத்த நாய். ப்ளாக் அண்ட் டேன், ப்ளூடிக், ரெட்போன், இங்கிலீஷ், ப்ளாட், ட்ரீயிங் வாக்கர்னு ஆறு வகை சொல்லுவாங்க. ராத்திரில மோப்பம் புடிச்சே ஓடி, அந்த ரக்கூன் மரத்துல ஏறிக்கிச்சுன்னா அடியில நின்னு, வளத்தவன் வந்து சேர்ற வரைக்கும் விடாம குரைக்கணும், அதுதான் அதோட வேலை. எங்க தாத்தா உத்தமபாளையத்துல கோம்பை நாய் வச்சிருந்தாரு, அது வாசல காக்குற நாய். சிப்பிப்பாறை, கன்னியெல்லாம் கண்ணால பாத்து ஓடுற சாதி, கண்ணுக்கு மறைஞ்சா விட்டுடும். இவன் அப்படி கிடையாது. மூக்கு சொல்றதுதான் இவனுக்கு உலகம், கண்ணுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லன்னாலும் மூக்கு இருக்குன்னு சொன்னா இருக்குதான். இந்த வித்தியாசம் புரியாமத்தான் நாங்க அஞ்சு மாசம் அவனையும் படுத்தி நாங்களும் கஷ்டப்பட்டோம்.

நாங்க டர்பன்ல குயின்ஸ்பர்க்ல இருக்கோம், சரிவுல கட்டின வீடு, பின்பக்கம் மேடு, அந்த மேட்டுல ஒரு பழைய மாமரம். ஜனவரில பழம் விழுற நேரம், ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு கருப்பன் தோட்டத்துல ஊளை மாதிரி நீட்டி குரல் கொடுத்துட்டே ஓடுனான், அப்புறம் மாமரத்தடியில நின்னு குரல் மாறிச்சு, வெட்டி வெட்டி, ஒரே தாளத்துல, நிமிஷத்துக்கு அறுபது எழுபது தடவ இருக்கும். டார்ச் அடிச்சா மரத்து மேல பூனை சைஸ்ல நீள உடம்பு, உடம்பெல்லாம் புள்ளி, வால்ல கருப்பு வளையம். ஜெனெட். நம்ம ஊர் மரநாய் இருக்கில்ல, அதோட குடும்பம்தான். அது கொஞ்ச நேரம் பாத்துட்டு பக்கத்து வீட்டு ஓடு மேல தாவிப் போயிடுச்சு. நாங்க எல்லாரும் வெளிய வந்து நின்னோம், பொண்ணு கைதட்டுனா, நான் அவன் தலைய தடவி சபாஷ்டான்னு சொல்லி பிஸ்கட் கொடுத்தேன். அந்த பிஸ்கட்தான் தப்புன்னு அப்ப தெரியல.

அன்னிலேருந்து தினமும் ராத்திரி அந்த மரம். பத்து மணிக்கு ஒரு தடவ, பன்னெண்டுக்கு, ரெண்டு மணிக்கு, விடியக்காலைல நாலுக்கு. கூப்பிட்டா வரமாட்டான். போயி காலர புடிச்சு இழுத்துட்டு வந்து கதவ சாத்துனா கதவ பிறாண்டுவான், திறந்த உடனே நேரா அங்கதான். பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசு, இங்கயே நாலு தலைமுறையா இருக்கிற குடும்பம், தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும். மூணு மாசம் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் மதில் பக்கம் நின்னு, "தம்பி, ராத்திரி தூக்கம் இல்ல, மாத்திரை போட்டும் தூக்கம் இல்ல"ன்னாரு. கோவமே இல்லாம சொன்னாரு. முனிசிபாலிட்டில கம்ப்ளைண்ட் கொடுக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்துச்சு, கொடுக்கல. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல.

அப்பதான் அவசரத்துல முதல் ட்ரெய்னர கூப்பிட்டோம். யாருன்னு சொல்லப் போறதில்ல. மூணு விசிட், 1,800 ரேண்ட், ரிமோட்ல ஷாக் கொடுக்கிற காலர் ஒண்ண மாட்டிவிட்டு, மரத்து பக்கம் போனா பட்டன அமுக்குங்க, முதல்ல பீப் வரும், அப்புறம் ஷாக், பத்து நாள்ல சரியாயிடும்னாரு. ஆச்சு, ஒரு வாரம் மரத்து பக்கம் போகல. ஆனா தோட்டத்துக்கே போகல. ஒண்ணுக்கு கூட வெளிய போகாம சமையலறை டைல்ஸ்ல இருந்துட்டு ஓரமா போயி ஒடுங்கிக்குவான். மைக்ரோவேவ் முடிஞ்சு பீப் சத்தம் வந்தா டைனிங் டேபிளுக்கு அடியில போயி நடுங்குவான், அத பாத்துட்டு என் வீட்டுக்காரி, "என்னங்க, இது வளக்குற லட்சணமா, கழட்டுங்க முதல்ல"ன்னு அழுதுட்டா. கழட்டினேன். அஞ்சாறு நாள்ல பயம் தெளிஞ்சுது, தெளிஞ்ச அன்னைக்கே மாமரம். அதாவது மரத்து மேல இருந்த ஆசை ஒரு துளி கூட குறையல, எங்க மேல இருந்த நம்பிக்கைதான் குறைஞ்சுது. மரத்தடியில ஹவுண்ட அடிச்சாலோ ஷாக் கொடுத்தாலோ என்ன ஆகும்னு பாபா அப்புறம் சொன்னாரு, சில நாய் மரத்தப் பாத்தாலே ஒதுங்கிப் போற நாயா ஆயிடும், சிலது வளத்தவன் டார்ச் எடுத்துட்டு வர்றத பாத்தாலே ஓடும்.

சரி க்ளாஸுக்கு வர்றேன். ஜூன் முதல் சனிக்கிழமை, காலைல ஆறே முக்காலுக்கே கிளம்பினோம், என்3 ஹைவேல ஷோங்வேனி எக்ஸிட் எடுத்து போகணும். லேட்டா போனா அங்க சனிக்கிழமை ஃபார்மர்ஸ் மார்க்கெட் கூட்டத்துல மாட்டிக்குவீங்க, அதனால ஏழரைக்கெல்லாம் உள்ள இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடு, சின்ன கார்னா மெதுவா போங்க. இடம்னா ஒரு பெரிய புல்வெளி, ஓரத்துல யூகலிப்டஸ் வரிசை, கீழ ஒரு ஓடை. போர்டு கிடையாது, ஷெட் கிடையாது, டாய்லெட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பெரிய லாயத்துல போயி கேக்கணும். பொம்பளைங்க, குழந்தைங்களோட போறவங்க இத மனசுல வச்சுக்கோங்க.

எங்க பேட்ச்ல ரெண்டு பீகிள், ஒரு ரிட்ஜ்பேக், ஒரு ஜாக் ரஸ்ஸல், அப்புறம் க்வாண்டெங்கெண்டலேருந்து ஒரு பையன் டாக்ஸி புடிச்சு கூட்டிட்டு வந்த ஆஃப்ரிக்கானிஸ் நாய் ஒண்ணு, அதாவது இந்த ஊர் நாட்டு நாய், மொத்தக் கூட்டத்துலயும் அதான் ரொம்ப புத்திசாலி. அந்தப் பையன்கிட்ட பாபா காசு வாங்குனத நான் பாக்கல.

பாபா முதல் நாள் கருப்பன பாத்துட்டு கேட்ட முதல் கேள்விய நான் மறக்க மாட்டேன். அஞ்சு மாசமா குரைக்கிறான்னு நான் பூராக் கதையும் சொல்லி முடிச்ச உடனே, "அந்த மரத்துல என்ன இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் போயி பாத்தியா?"ன்னாரு. பாக்கல. முதல் நாள் பாத்ததோட சரி. அப்புறம் எல்லாம் இழுத்துட்டு வந்ததுதான். "நாய் பொய் சொல்லுதுன்னு நீ எத வச்சு முடிவு பண்ணே?"ன்னு கேட்டாரு, அதட்டல் எல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டாரு, எனக்கு பதில் வரல.

அதனால முதல் வாரம் ட்ரெய்னிங்கே கிடையாது, நோட்டு போடுற வேலைதான். பத்து நாள், ஒவ்வொரு தடவ அவன் மரத்துக்கு போறப்பவும் மணி என்ன, டார்ச் அடிச்சு பாத்தப்ப என்ன தெரிஞ்சுது, குரல் எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். எழுதினோம், ராத்திரி என் ஷிஃப்ட் பாதி, வீட்டுக்காரி பாதி. பத்து ராத்திரில ரெண்டு ராத்திரி நெஜமாவே ஜெனெட் இருந்துச்சு, கண்ணு ரெண்டும் நெருப்புத் துண்டு மாதிரி மின்னுச்சு. மிச்ச எட்டு நாளும் வெறும் மரம். அந்த நோட்ட பாத்துட்டு பாபா சொன்னதுதான் இந்த 3,000 ரேண்ட்லயே ரொம்ப மதிப்பான பேச்சு. தினமும் ஜெனெட் இருந்தா சுலபம், ஒரு நாளும் இல்லன்னாலும் கொஞ்ச நாள்ல தானா சலிச்சுப் போயிடும். எப்பவாவது ஒரு நாள் இருக்குது பாரு, அதுதான் விடவே விடாது. லாட்டரில என்னைக்கோ ஒரு தடவ பணம் விழுந்தவன் வாரா வாரம் டிக்கெட் வாங்குற மாதிரி. போறதே ஒரு சந்தோஷம், மரத்துப் பட்டையில பழைய வாசனை கொஞ்சம் ஒட்டியிருந்தா அதுவே கூலி, நாம எந்திரிச்சு வெளிய வந்து பேரச் சொல்லி கத்துறோமே, அதுவும் அவனுக்கு கூலிதான்.

வெறும் மரத்துல நின்னு குரைக்கிறது அமெரிக்காவுலயும் பெரிய பிரச்சனைதான். அங்க ராத்திரில நடக்குற கூன்ஹவுண்ட் போட்டில, மரத்துல ரக்கூன் கண்ணால தெரிஞ்சா நாய்க்கு ப்ளஸ் பாயிண்ட், தெளிவா ஒண்ணுமே இல்லன்னா மைனஸ். ஒரு மரத்த பாத்து முடிச்ச உடனே நாய கட்டி, கூட்டிட்டு போயி, வேற பக்கம் அவுத்து விடுவாங்க, அப்படி விட்டதும் சில நாய் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு மறுபடி அதே மரத்துக்கே வந்து நிக்கும். புது நாய்ங்கட்ட இது ரொம்ப சகஜம். பாபா அமெரிக்கா போனவர் இல்ல, டர்பனுக்கு உள்ள தள்ளி இருக்கிற மிட்லண்ட்ஸ் பக்கத்து பண்ணைகள்ல முப்பது வருஷம் ஹவுண்ட் கூட்டம் பாத்துக்கிட்டவரு, ஆனா அவர் செய்றதும் அதே வழிதான், அத இன்னும் பொறுமையா செய்றாரு.

அந்த வழி என்னன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். யூகலிப்டஸ்ல ஒரு மரத்துல வாசனை தேச்ச துணிய இழுத்துட்டு போயி மேல கட்டிடுவாங்க. கருப்பன விட்டா நேரா போயி மரத்தடியில நின்னு குரைப்பான். துணிய அதுக்குள்ள இறக்கி எடுத்துடுவாங்க, அதாவது இப்ப அது வெறும் மரம். நாம பேசாம நடந்து போகணும். திட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது, முகத்த கூட சாதாரணமா வச்சுக்கணும். மேல ஒரு தடவ நல்லா பாக்கணும், அத நாய் பாக்குற மாதிரி பாக்கணும், "உன் பேச்ச கேட்டுட்டேன்"ங்கிற மாதிரி. அப்புறம் ஹார்னஸ்ல, அதாவது நெஞ்ச சுத்தி போடுற வார்ல, லாங் லைன மாட்டணும், 10 மீட்டர் கயிறு, காலர்ல மாட்டி இழுக்கக் கூடாது. மாட்டிட்டு வந்த வழியில திரும்பாம, காத்து மரத்துலேருந்து நம்ம பக்கம் வராத திசையா பாத்து, அரை வட்டமா நடக்கணும். இங்கதான் நான் முதல் மூணு தடவ தப்பு பண்ணேன். இருபது அடி போன உடனே சரி வந்துட்டான்னு கயித்த தளத்திடுவேன், ஒரே பாய்ச்சல்ல திரும்ப மரத்தடியில நிப்பான். பாபா என்கிட்ட நாய பாக்காத, காத பாருன்னாரு. காது பின்பக்கம் திரும்பியிருக்கிற வரைக்கும் அவன் மனசு மரத்துலதான் இருக்கு, தல தாழ்ந்து, மூக்கு புல்லுல பட்டு, காது முன்னாடி விழுந்துச்சுன்னா அப்பதான் அவன் உன்கூட நடக்கிறான். முதல் நாள் அந்த காது முன்னாடி விழ 180 காலடி எடுத்துச்சு, எண்ணினேன். எட்டாவது வாரம் 30, 35 காலடியில விழுந்துடுச்சு.

காது விழுந்த உடனே புது வேலை கொடுக்கணும், அதான் முக்கியம். வெறுமனே இழுத்துட்டு போனா அவனுக்கு நஷ்டம் மட்டும்தான். கொஞ்ச தூரத்துல இன்னொரு மரத்தடியில ஏற்கனவே நல்ல தீனி ஒளிச்சு வச்சிருப்பாங்க, "தேடு"ன்னு விட்டா மூக்கால கண்டுபிடிப்பான், அங்க போயி ஆர்ப்பாட்டமா பாராட்டலாம். தீனி விஷயத்துல இங்க எல்லாரும் பில்டாங், அதான் உப்புக்கண்டம் மாதிரி காயவச்ச கறி, கொண்டு வர்றாங்க, அதுல உப்பும் மசாலாவும் அதிகம், வேணாம்னு பாபா சொல்றாரு, வேகவச்ச கோழி ஈரல்தான் அவர் சிபாரிசு. எங்களுக்கு வேற ஒண்ணு அமைஞ்சுது. ஜூன் கடைசில கடற்கரையில மத்தி வந்து கரை ஒதுங்குற நேரம், சார்டின் ரன்னு இங்க ஊரே கூடையோட ஓடும்ல, அதுல நாங்களும் ஒரு வாளி வாங்கினோம். வீட்டுக்காரி பாதிய குழம்பு வச்சுட்டு மிச்சத்த உப்பே போடாம ஓவன்ல சின்னத் தீயில காயவச்சு கருவாடா எடுத்தா. கார் கதவ திறந்தா மொத்த பேட்ச் நாயும் எங்க பக்கம் திரும்பும். ஜெனெட் வாசனைய ஜெயிக்கிறதுக்கு அந்த மத்தி ஒண்ணாலதான் முடிஞ்சுது.

கூப்பிடுற வார்த்தை பத்தியும் சொல்லணும். நான் "இங்க வா"ம்பேன், வீட்டுக்காரி "வாடா கருப்பா"ம்பா, பொண்ணு இங்கிலீஷ்ல கம் கம்னு கத்துவா. அஞ்சு மாசத்துல இந்த வார்த்தை எல்லாமே அவனுக்கு, மரத்தடியில நிக்கிறப்ப பின்னாடி கேக்குற வெறும் சத்தமா ஆயிடுச்சு. அதனால புதுசா, எந்தக் கறையும் படாத ஒரே வார்த்தை வேணும்னு பாபா அவரோட "வோசா"வையே கொடுத்தாரு, ஸூலுல வான்னு அர்த்தம். முதல் ரெண்டு வாரம் மரமே இல்லாத இடத்துல, வீட்டுக்குள்ள ஹால்ல, சாப்பாட்டு தட்டு வைக்கிறப்ப மட்டும் வோசா. மரத்தடியில அந்த வார்த்தைய ஆறாவது வாரம்தான் முதல் தடவ சொல்ல விட்டாரு. வரலன்னா ரெண்டாவது தடவ சொல்லக் கூடாது, நடந்து போயி கயித்த புடிக்கணும்.

வீட்டுக்கு வந்த 600 ரேண்ட் விசிட்ட யாரும் மிச்சம் புடிக்க நெனைக்காதீங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தாரு, குளிர்காலம், இருட்டிடுச்சு. முதல்ல மரத்த பாக்கல, கராஜ் கூரைய பாத்தாரு. மூலையில ஜெனெட் எச்சம் ஒரே இடத்துல குவிஞ்சு கிடந்துச்சு, அதுங்க அப்படி ஒரே இடத்த கக்கூஸ் மாதிரி வச்சுக்குமாம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையுற சந்து. உள்ள குட்டி கிட்டி இல்லன்னு ரெண்டு ராத்திரி பாத்துட்டு, அது வெளிய போன நேரமா கம்பி வலை அடிச்சோம். பூனைக்கு வெளிய வைக்கிற சாப்பாட்ட தாத்தா வீட்ல சொல்லி ராத்திரில எடுத்து வைக்கச் சொன்னோம்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரி சாமிக்கு சாம்பிராணி போட்டுட்டு தூபக்காலோட பின்வாசல் பக்கம் வந்தா. பாபா திடீர்னு, "அம்மா, அங்கயே நில்லுங்க"ன்னு கை காட்டினாரு. புகை வெளிய போகல. மாமர மேட்டுலேருந்து குளிர் காத்து சரிவுல இறங்கி, புகைய வாசல் வழியா வீட்டுக்குள்ளயே தள்ளிட்டு வந்துச்சு, நேரா கருப்பன் படுக்கை மேல. ராத்திரி ஆச்சுன்னா குளிர்ந்த காத்து மேட்டுலேருந்து பள்ளத்துக்கு வழியும், தண்ணி மாதிரிதான். அப்போ அந்த மரத்து வாசனை மொத்தமும் ராத்திரி பூரா இவன் மூக்குக்கு மேல ஓடிட்டு இருந்திருக்கு, நாம தூங்குடா தூங்குடான்னு அதட்டிட்டு இருந்திருக்கோம். நம்ம மூக்குல மோப்ப செல்லு அம்பது அறுபது லட்சம்னா நாய் மூக்குல இருபது கோடிக்கு மேல, நமக்கு ஒண்ணுமே தெரியாத காத்து அவனுக்கு எப்படி இருந்திருக்கும். படுக்கைய அன்னைக்கே முன் ஹாலுக்கு மாத்தினோம், பின்கதவுக்கு கீழ துணி வச்சு அடைச்சோம். அந்த ராத்திரி ரெண்டே தடவதான் எந்திரிச்சான்.

நோட்டு எழுதி முடிச்சதுலேருந்து மூணு வாரம் அவன அந்த மரத்துக்கு போகவே விடக் கூடாதுங்கிறது கண்டிஷன். ராத்திரி ஒண்ணுக்கு போறதுன்னாலும் லாங் லைன்ல, முன்வாசல் பக்கம். கஷ்டம்தான், விடியக்காலைல நாலு மணிக்கு ஸ்வெட்டர மாட்டிட்டு நின்னிருக்கேன். ஒரே ஒரு தடவ விட்டாலும் லாட்டரி டிக்கெட் வாங்கிக் கொடுத்த மாதிரின்னு அவர் சொன்னது காதுலயே இருந்துச்சு. நாலாவது வாரம் இன்னும் மோசமாச்சு, மரத்த பாத்து எம்பி எம்பி இழுத்தான், குரல் முன்ன விட சத்தம், நான் பயந்து போயி ஃபோன் பண்ணேன். கூலி நின்னா வேலைக்காரன் முதல்ல சத்தம் போடத்தானே செய்வான், இதுக்கு அப்புறம்தான் அடங்கும், இப்ப விட்டுக்கொடுத்தா சத்தம் போட்டா கிடைக்கும்னு படிச்சுக்குவான்னாரு. ஆறு நாள் நீடிச்சுது. ஏழாவது நாள் படுத்து தூங்கிட்டான்.

இப்ப குறைய சொல்றேன், இத சொல்லாம விட்டா தப்பு. அந்த புல்வெளில உண்ணி ஜாஸ்தி. குளிர்காலம்தானே, உண்ணி இருக்காதுன்னு நெனச்சேன், அங்கயும் யாரும் முன்கூட்டியே அழுத்திச் சொல்லல. மூணாவது க்ளாஸ் முடிஞ்சு பத்து பன்னெண்டு நாள்ல கருப்பன் சோர்ந்து படுத்துட்டான், மத்திய காட்டினாலும் தலை தூக்கல. உதட்ட தூக்கி பாத்தா ஈறு வெளுத்து காகிதம் மாதிரி இருந்துச்சு, மூத்திரம் டீ டிக்காஷன் கலர்ல. வெட் டாக்டர் காது நுனில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடில தேச்சு மைக்ரோஸ்கோப்புல பாத்துட்டு பிலியரின்னாங்க, உண்ணி கடிச்சு ரத்த சிவப்பணுவுக்குள்ள போற கிருமி, இங்க நாய் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். ஊசி போட்டு நாலு நாள்ல எந்திரிச்சுட்டான், ஒரு நாள் தாமதிச்சிருந்தா ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்னாங்க. அந்த செலவு க்ளாஸ் ஃபீஸ விட அதிகம். பாபாகிட்ட நேராவே சொன்னேன், சேர்றப்பவே உண்ணி மாத்திரை கொடுத்தீங்களான்னு நீங்க கேக்கணும்னு. தப்புதான்னு ஒத்துக்கிட்டு அடுத்த வாரத்துலேருந்து எல்லார்கிட்டயும் கேக்குறாரு, க்ளாஸ் முடிஞ்சதும் காதுக்குள்ள, விரல் இடுக்குல, வாலடியில தேடிப் பாக்குறதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்குறாரு. நீங்க போறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே மருந்து கொடுத்துட்டு போங்க.

இன்னொண்ணு, நேரம். எட்டு மணின்னா எட்டே கால். ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை பெர்க் விண்டுன்னு மலைப் பக்கத்துலேருந்து வர்ற சூடான காத்து அடிச்சு, பக்கத்துல கரும்புத் தோட்டம் எரிச்ச புகை மொத்தமும் இந்தப் பக்கம் வந்து க்ளாஸ் கேன்சல், அது அவர் தப்பில்ல, ஆனா மெசேஜ் வந்தது நாங்க எக்ஸிட்ல இறங்கினதுக்கு அப்புறம். அதுக்கு பதில் க்ளாஸ் அடுத்த வாரமே வச்சுட்டாரு. காசு ரொக்கமாத்தான், ரசீது கேட்டா ஒரு துண்டு காகிதத்துல எழுதிக் கொடுப்பாரு. விளக்கம் எல்லாம் இங்கிலீஷும் ஸூலுவும் கலந்து வரும், புரியலன்னா நிறுத்திக் கேளுங்க, திரும்பச் சொல்றதுக்கு அவர் சலிச்சுக்கிட்டதே இல்ல.

நாய காட்டுக்கு வேட்டைக்கு கொண்டு போறதுக்கு பழக்கிவிடச் சொல்லி கேக்குறவங்க அங்க போகாதீங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு. நெஜ விலங்க அவர் க்ளாஸ்ல பயன்படுத்துறதே கிடையாது, எல்லாம் துணியும் வாசனையும்தான். கூண்டுல எதையாவது அடைச்சு மரத்துல தொங்கவிட்டு நாய உசுப்புற பழக்கம் சில இடத்துல இருக்கு, அந்த மாதிரி இடத்துக்கு என் நாய நான் கொண்டு போகமாட்டேன்.

ரெண்டு நாள்ல மாறணும்னு நெனைக்கிறவங்களுக்கும் இது சரிவராது. ஒரு மணி நேர க்ளாஸுக்கு வீட்ல வாரம் பூரா உழைப்பு, வீட்ல இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும். ஒரு நாள் என் பொண்ணு பாவம்னு சொல்லி அவுத்துவிட்டா, அந்த ஒரு ராத்திரிக்கு அஞ்சு நாள் பின்னாடி போனோம். அவள திட்டல, மறுநாள் கயித்த அவ கையிலயே கொடுத்தேன், இப்ப எங்க மூணு பேர்ல காத பாத்து நடக்கிறதுல அவதான் கெட்டி.

இப்ப அக்டோபர். மாமரத்துக்கு போறது முழுசா நின்னுடுச்சான்னா, இல்ல. வாரத்துல ரெண்டு மூணு தடவ போறான். போயி, முன்னங்கால மரத்துல தூக்கி வச்சு, பட்டைய ஒரு இழு இழுத்து மோந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னா தானா திரும்பி வேற பக்கம் போறான். இருந்தா குரைக்கிறான். போன புதன்கிழமை ராத்திரி ஒம்போதரைக்கு அந்த வெட்டி வெட்டி குரைக்கிற குரல் கேட்டுச்சு, எட்டு வார பழக்கத்துல குரல கேட்டே இது நெஜம்னு எனக்கு தெரிஞ்சுது. டார்ச்ச எடுத்துட்டு போனேன். ரெண்டாவது கிளையில ஜெனெட், வால கீழ தொங்கவிட்டுட்டு பாத்துட்டு இருந்துச்சு. நான் மேல பாத்தேன், அவன் என்னைய பாத்தான். "பாத்துட்டேன்டா"ன்னு சொல்லிட்டு பத்தடி பின்னாடி வந்து ஒரே ஒரு தடவ வோசான்னேன். ஒரு தடவ மரத்த பாத்தான், ஒரு தடவ என்னைய பாத்தான், காது முன்னாடி விழுந்துச்சு, வந்துட்டான். கயிறே இல்ல.

மறுநாள் காலைல தாத்தா மதில் பக்கம் நின்னு, ராத்திரி குரைச்சான் போலயே, என்ன இருந்துச்சுன்னு கேட்டாரு. ஜெனெட்டுன்னேன். "அப்ப சரி, அவன் கரெக்ட்டா சொல்லியிருக்கான்"னாரு. டிசம்பர்ல பழம் விழ ஆரம்பிச்சா குரங்குக் கூட்டமும் வரும், அது வேற பரீட்சை, அதுக்காக நவம்பர்ல தொடங்குற அடுத்த பேட்ச்லயும் பேரு கொடுத்துட்டேன். இந்த தடவ நாலு க்ளாஸ், 1,200 ரேண்ட். உண்ணி மாத்திரை கொடுத்தாச்சு, மத்தி ஃப்ரீசர்ல இன்னும் ரெண்டு டப்பா இருக்கு.